கரகரப்பு நீக்கம்

சைலப்பன் இசைத்தட்டில் இருந்த கரகரப்பை எடுக்கப் போய் மனைவியின் குரலை எடுத்துவிட்டார். நடந்தது இவ்வளவுதான். பாளையங்கோட்டை கற்பகக் காலனியில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அது எப்படி ஆகும், எப்படி முடியும் என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு அங்கே காபி கிடையாது.

சைலப்பன் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனிதர்கள் பேசுவது அவருக்குப் பிடிக்காது. தட்டுகள் பாடுவது பிடிக்கும். இரண்டு பீரோ நிறைய இசைத்தட்டு வைத்திருந்தார், அந்த இரண்டு பீரோவிலும் ஒரு காலத்தில் புடவை அடுக்கியிருந்த அவர் மனைவி ஆவுடையம்மாள் அவற்றை எடுத்து அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டிருந்தாள், அதனால் கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அவள் மேல் லேசாகப் புழுங்கல் அரிசி வாடை வரும், அது சைலப்பனின் மூக்கில் ஒரு நாளும் ஏறியதில்லை, ஏனென்றால் அவர் உடம்பில் ஒழுங்காக வேலை செய்த ஒரே உறுப்பு காது. ஊசி தட்டின் ஓரத்தைத் தொட்ட மாத்திரத்தில் எந்த ஊர்க் கச்சேரி, மழைக்காலமா வெயில்காலமா, தவில்காரர் வாயில் வெற்றிலை இருந்ததா துப்பிவிட்டாரா என்பது வரை சொல்லிவிடுவார். அடுப்படியில் இருந்து கூப்பிட்டால் மட்டும் கேட்காது. அது அந்தக் காதுக்குத் தெரிந்த வித்தை.

கம்ப்யூட்டர், பஹ்ரைனில் இருக்கிற மகள் உமையாள் வாங்கிக் கொடுத்தது. அப்பா சும்மா உட்கார்ந்து அம்மாவைப் பாடாய்ப் படுத்துகிறார், தட்டையெல்லாம் அதில் ஏற்றிக்கொண்டாவது கிடக்கட்டும் என்று அனுப்பினாள். மார்க்கெட் பக்கம் கடை வைத்திருக்கும் இசக்கிராஜா வந்து மாட்டிக் கொடுத்தான், வைரஸ் வராமல் காவல் காக்கிற ஒரு சாப்ட்வேரையும் ஏற்றினான், போகும்போது இரண்டு உபதேசம் சொன்னான்: "எது கேட்டாலும் ஓகே குடுங்க அண்ணாச்சி. அதுக்கும் மேல மக்கர் பண்ணா சொல்லுங்க, பார்மேட் அடிச்சிருவோம்." கம்ப்யூட்டர் பற்றி இசக்கிராஜாவுக்குத் தெரிந்ததும் அந்த இரண்டுதான். அதை வைத்தே மாடி வீடு கட்டிவிட்டான்.

தட்டில் இருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் போட்டு ஏற்ற வேண்டும். ஒயரின் பின் பெரிசு, கம்ப்யூட்டரின் ஓட்டை சிறிசு. அதற்கு ஒரு குட்டிச் சாமான் வாங்கி மாட்டினால் போதும். சைலப்பனுக்குக் கடைக்குப் போகச் சோம்பல். மைக்கை எடுத்து ஸ்பீக்கரின் மூஞ்சிக்கு நேராக முக்காலியில் நிறுத்திவிட்டு, அவர் உயிரை வைத்திருந்த ஒரு நாதஸ்வரத் தட்டைச் சுழலவிட்டார். தோடி. தோடி தொடங்குவதற்கு முன்னால் தட்டு கொஞ்ச நேரம் வெறுமனே வறுபடும், கடுகு வெடிக்கிற மாதிரி. அந்த நேரம் பார்த்து அடுப்படியில் ஆவுடையம்மாள் கரண்டியால் சட்டியில் நாலு தட்டுத் தட்டி, "ஏங்க, சோறு ஆறுதே, வாரியளா இல்லியா, அந்தச் சவத்த அமத்திட்டு வாங்களேன்" என்றாள். மைக் அதையும் வாங்கிக்கொண்டது. அதற்கென்ன தெரியும்.

பதிவு முடிந்ததும் கரகரப்பு நீக்கும் சாப்ட்வேர் ஒரு கேள்வி கேட்டது. உமக்கு வேண்டாத சத்தம் எது, அதில் ஒரு துண்டு மாதிரி காட்டும், அந்த மாதிரி எங்கெங்கே இருந்தாலும் துடைத்துவிடுகிறேன் என்றது. சைலப்பன் தோடிக்கு முந்தின துண்டைக் காட்டினார். அதில் வறுபடுகிற சத்தமும் இருந்தது, கரண்டியும் இருந்தது, ஆவுடையும் இருந்தாள். பிரித்து எடுக்கலாம், பொறுமை வேண்டும். ஓகே கொடுத்தார். சாப்ட்வேர் துடைத்தது. உடனே காவல்கார சாப்ட்வேர் சிவப்பாக எழும்பி வந்து, ஆபத்தான பொருள் ஒன்று பிடிபட்டிருக்கிறது, பூட்டிவைக்கட்டுமா என்றது. அதற்கும் ஓகே கொடுத்தார். பிறகு தோடியைப் போட்டுக் கேட்டார். கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஒரு பொட்டுக் கரகரப்பு இல்லை, ஒரு கூப்பாடு இல்லை. அழுகை வந்திருக்கும், உத்தியோகம் அதையெல்லாம் எப்போதோ வற்றடித்திருந்தது.

ஆவுடையம்மாளின் குரல் போனதை முதலில் கண்டுபிடித்தது சைலப்பன் இல்லை. ஒரு சுவர் தள்ளி இருந்த விசில் டீச்சர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்திச்சியாக இருந்து ஓய்வு பெற்றவள், கழுத்தில் விசில் கிடந்த இடம் இன்னும் வெளுப்பாக இருக்கும், காலனியில் அவளுக்கு வேறு பெயர் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆவுடையம்மாளின் முருங்கை மரம் சுவர் தாண்டி டீச்சர் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது, அதில் இருந்து கம்பளிப்பூச்சி இறங்கி டீச்சரின் கொடித்துணியில் ஏறும், ஏறியதும் டீச்சர் சுவர் ஓரம் வந்து ஆரம்பிப்பாள், ஆவுடையம்மாள் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து முடிப்பாள், பூச்சி இல்லாத மாசத்தில் தண்ணி மோட்டார், மோட்டார் ரிப்பேராகிக் கிடந்தால் போன வருஷத்துப் பூச்சி. இப்படி இரண்டு பேரும் விடியலில் பல் தேய்க்கிற மாதிரி வருஷக்கணக்காகச் சண்டை போட்டு வந்தார்கள். அன்றைக்கு டீச்சர் ஆரம்பித்தாள். ஆவுடையம்மாள் வந்தாள், இடுப்பில் கை வைத்தாள், வாயைத் திறந்தாள். வாய் ஆடியது, கை ஆடியது, மூக்குத்தி ஆடியது. சத்தம் இல்லை.

டீச்சர் பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

அடுத்ததாகக் காலனிச் சங்கத்துச் செயலாளர் தாணுமூர்த்திக்குத் தெரிந்தது, அடுத்துக் காய்கறி வண்டிக்காரனுக்கு, அடுத்துப் பால்காரி மாடத்திக்கு. ஊருக்கெல்லாம் தெரிந்து, ஊர் அதற்குப் பழகி, காய்கறிக்காரன் ஆவுடையம்மாளின் விரலைப் பார்த்தே எடை போடக் கற்றுக்கொண்ட பிறகு, ஒரு நாள் மாடத்தி வாசலில் பாலை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணாச்சி, அம்மைக்கு என்ன செய்யுது?"

"அவளுக்கு என்ன?"

"வாய் அசையுது, சத்தத்தக் காணுமே."

"எப்ப இருந்து?"

மாடத்தி பால் செம்பைக் கீழே வைத்தாள். "வீட்டுக்குள்ள இருக்கது நீங்களா நானா?"

சைலப்பன் உள்ளே போனார். ஆவுடையம்மாள் அடுப்படி வாசலில் நின்று அவரையே பார்த்தாள். கையில் இருந்த கரண்டியால் சட்டியில் ஓங்கி அடித்தாள். சட்டி குழிந்தது. சத்தம் வரவில்லை.

காது மூக்கு தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "தொண்டை அருமையா இருக்கு. குரல்தான் இல்ல" என்றார். இதற்கு அவர் பீஸ் வாங்கினார். சைலப்பன் ஒரு ஸ்லேட்டு வாங்கி வந்து, சொல்ல வேண்டியதை இதில் எழுது என்று நீட்டினார். ஆவுடையம்மாள் அதை ஜன்னல் வழியே முருங்கை மரத்தடிக்கு வீசினாள். அது சரிதான். ஆயுசுக்கும் பேசினதையே காதில் வாங்காத ஆளுக்கு எழுதிக் காட்டினால் மட்டும் என்ன ஆகிவிடும்.

இசக்கிராஜா வந்து பார்த்தான். எதையெதையோ அமுக்கினான்.

"அம்மை உள்ளதான் இருக்காங்க அண்ணாச்சி. ஆன்டிவைரஸ் புடிச்சு அடைச்சு வச்சிருக்கு."

"வெளிய எடு."

"அது என் கையில இல்ல. வேணும்னா பார்மேட் அடிச்சிருவோம்."

"அடிச்சா வந்துருவாளா?"

"கம்ப்யூட்டர் நல்லாயிரும்."

ஆவுடையம்மாள் அவனுக்குக் கொண்டு வந்த காபியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

காலனி இதைப் பார்த்து மலைத்துப்போய் நின்றதா என்றால், இல்லை. காலனிக்கு வேலை இருந்தது. சத்தம் போகும் என்று தெரிந்ததும், எனக்கும் ஒன்று போகவேண்டியிருக்கிறது என்று வரிசை கட்டினார்கள். செயலாளர் தாணுமூர்த்தியின் மனைவி அவருடைய குறட்டையைப் போனில் பிடித்துக்கொண்டு வந்தாள், தாணுமூர்த்தி தன் பங்குக்குக் குப்பை வண்டி பாடிக்கொண்டு வரும் பாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார், ஒருத்தர் தெருநாயை, ஒருத்தர் மச்சினன் சிரிப்பை, ஒருத்தர் மாடி வீட்டுக்காரர்கள் நாற்காலி இழுப்பதை, ஒருத்தி தன் குக்கர் விசிலையே கொண்டு வந்தாள், பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிறானாம். சைலப்பன் எல்லோருக்கும் மாதிரித் துண்டைக் காட்டி ஓகே கொடுத்தார், காவல்கார சாப்ட்வேர் சிவந்து சிவந்து பூட்டிக்கொண்டே இருந்தது, அதுவரை தெருவில் தலை குனிந்து நடந்த மனிதருக்கு எதிரே வருகிறவர்கள் வணக்கம் வைத்தார்கள், அவரும் திருப்பி வைத்தார், மனிதர்கள் பேசாமல் இருக்கும்போது அவ்வளவு மோசமில்லை என்று பட்டது.

கற்பகக் காலனி அமைதியானது. அமைதி வந்ததும் தெரு நாற ஆரம்பித்தது, ஏனென்றால் குப்பை வண்டி வருவதும் போவதும் யாருக்கும் தெரியவில்லை. குக்கர் வைத்தவர்கள் அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து வெயிட் ஆடுவதை விரல் விட்டு எண்ணினார்கள், எண்ணிக்கை தப்பியவர்கள் வீட்டில் பருப்பு கரியானது. நாய்கள் குரைத்துப் பார்த்துவிட்டு, குரைப்பு கேட்காததால் வெட்கப்பட்டுப் பக்கத்துக் காலனிக்குக் குடி போயின. மச்சினன் சிரித்தால் தெரியவில்லை, அதனால் யார் எதைச் சொன்னாலும் அவன் சிரிக்கிறானோ என்ற சந்தேகம் வந்து, அந்த வீட்டில் பாகப்பிரிவினையே ஆகிவிட்டது. அதற்கும் பழகினார்கள். மனுசன் எதற்குத்தான் பழகமாட்டான்.

பழகாதவர்கள் இரண்டு பேர். ஒருத்தர் சைலப்பன். சாப்பாட்டு நேரம் எது என்று அவருக்குத் தெரியாமல் போனது. இத்தனை வருஷமாக அது அடுப்படியில் இருந்து சத்தமாக வரும், இவர் கேட்காதது போல இருப்பார், இரண்டாவது தடவை வரும், மூன்றாவது தடவைக்கு எழுந்திருப்பார், அதுதான் கணக்கு. இப்போது ஆவுடையம்மாள் வந்து சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுவாள், அது ஆறி, வறண்டு, மேலே தோல் கட்டிக் கிடக்கும்போது திரும்பிப் பார்ப்பார். பிரஷர் மாத்திரை டப்பா அப்படியே நிறைந்திருந்தது. தோடியைப் போட்டால் சுத்தமாக இருந்தது, சுத்தமாக இருந்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. தோடி தொடங்குவதற்கு முன்னால் இருந்த இடத்தில் இப்போது ஒரு குழி இருந்தது. ஒவ்வொரு தடவையும் அதில் விழுந்து எழுந்துதான் தோடிக்குப் போகவேண்டியிருந்தது.

உமையாள் பஹ்ரைனில் இருந்து போன் போட்டாள். "அப்பா, அம்மா பழைய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் வச்சிருந்தேன். இப்பப் போட்டா எல்லாம் சத்தமில்லாம வெறுமன ஓடுது. என்ன செஞ்சிய?"

"கரகரப்ப எடுத்தேன்."

"அம்மாட்ட குடுங்க."

ஆவுடையம்மாள் போனைக் காதில் வைத்து வெகுநேரம் பேசினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினாள். மறுமுனையில் மகள் ஒன்றும் கேட்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு, ம், ம் என்று கொட்டிக்கொண்டிருந்தாள். சைலப்பன் அந்த ம்-களைக் கேட்டார். எழுந்து போய் மைக்கின் ஒயரைப் பிடுங்கி எறிந்தார். பிறகு தேடி எடுத்து மாட்டினார்.

அப்போதுதான் இசக்கிராஜா ஓடி வந்தான். காவல்கார சாப்ட்வேரின் சந்தா முடியப் போகிறதாம், புதுப்பிக்கலாம் என்றால் அதைச் செய்த கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்களாம், சந்தா முடிந்தால் அது பூட்டிவைத்ததை எல்லாம் அடியோடு அழித்துவிட்டுத் தானும் செத்துப்போகுமாம். "அம்மை அதோட போயிருவாங்க அண்ணாச்சி. வாரக் கடைசி வரைக்கும்தான்."

"வேற வழியே இல்லியா?"

"ஒண்ணு இருக்கு. இன்னைக்குத்தான் பாத்தேன். பூட்டத் தொறக்கணும்னா அதுக்கும் ஒரு மாதிரி கேக்குது. போனது எப்படி இருக்கும்னு பேசிக் காட்டணும். பொருந்திச்சுன்னா தொறக்கும். ஒண்ணு தொறந்தா எல்லாம் தொறந்துரும்."

மாதிரிக்கு எங்கே போவது. வீட்டில் இரண்டு பீரோ நிறையக் குரல் இருந்தது, எதுவும் அவளுடையது இல்லை. கல்யாணக் கேசட்டைப் போட்டார்கள், மேளம் இருந்தது, ஐயர் இருந்தார், மாமனார் பந்தியில் யாரையோ திட்டுவது கூட இருந்தது, அவள் பேசின இடமெல்லாம் மொழுக்கென்று இருந்தது.

"நீங்களே பேசிக் காட்டுங்க" என்றான் இசக்கிராஜா. "தெனம் கேட்ட குரல்தானே."

சைலப்பன் மைக்கின் முன்னால் உட்கார்ந்தார். ஆவுடையம்மாள் கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமினார். "ஏங்க, சோறு ஆறுதே" என்றார். பொருந்தவில்லை என்றது கம்ப்யூட்டர். குரலை மெலிதாக்கிச் சொன்னார். பொருந்தவில்லை. மூக்கால் சொன்னார். பொருந்தவில்லை.

"அம்மை கொரலு கனமா, மெலிசா?" என்றான் இசக்கிராஜா.

சைலப்பன் மைக்கை நகர்த்திவைத்தார்.

"இழுத்துப் பேசுவாங்களா, வெட்டி வெட்டியா?"

தவில்காரர் வாயில் இருந்த வெற்றிலையைச் சொல்லும் மனிதர் மைக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆவுடையம்மாள் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

காலனியே வந்து முயன்று பார்த்தது. அம்பாசமுத்திரத்தில் இருந்து தங்கச்சிக்காரி வந்தாள், பாவாடை கட்டின வயசில் அக்கா எப்படிப் பேசினாளோ அப்படிப் பேசினாள், பொருந்தவில்லை. மாடத்தி பால் தண்ணியாக இருக்கிறது என்று ஆவுடையம்மாள் சொல்வதைச் சொன்னாள், சொல்லும்போதே தன் பாலுக்குத் தானே பரிந்துகொண்டாள், பொருந்தவில்லை. தாணுமூர்த்தி கோயில் கொடைத் திருவிழாவில் பெண் வேஷம் கட்டின அனுபவத்தில் முந்தானையைப் போட்டுக்கொண்டே பேசினார். அது பொருந்தாததற்கு எல்லோரும் சாமிக்கு நன்றி சொன்னார்கள். வாரம் முடிய ஒரு பகல்தான் பாக்கி. வாசலில் கூடியிருந்தவர்கள், போன குரல் போனதுதான், இனி ஆகவேண்டியதைப் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போது, கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு விசில் டீச்சர் உள்ளே வந்தாள்.

அந்த வீட்டு வாசற்படியை அவள் மிதித்ததே இல்லை. சுவருக்கு மேலேதான் போக்குவரத்து.

"சார், ஒங்களுக்கு வேணும்னா இந்தச் சத்தம் இல்லாம இருந்துக்கிடலாம்" என்றாள். "எனக்கு முடியாது. நான் டெய்லி சொவத்துக்குப் பக்கத்துல வந்து நிக்கேன். நான் ஒண்ணு சொல்லுதேன், அவ ஒண்ணு சொல்லுதா. என்ன சொல்லுதான்னு தெரியல. அவ என்ன ஏசினான்னு தெரியாம மனுசி எப்படித் தூங்க? பதில் தெரியாம அடுத்த வார்த்தைய நான் எங்க இருந்து எடுக்க? எனக்கு பிரஷர் கூடிட்டு. டாக்டர் கேக்காரு, என்ன கவலைன்னு. என்னத்தச் சொல்ல? எந்திரிங்க."

சைலப்பன் எழுந்தார். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து சேலையை இழுத்துச் செருகினாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். பிறகு வாயைத் திறந்து, தன்னைத் தானே ஏச ஆரம்பித்தாள்.

"ஏட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளையள வெயில்ல ஓடவிட்டுட்டு வேப்பமரத்தடியில முறுக்கு தின்னவதானே நீ. எம் மரத்துப் பூச்சி ஒங் கொடியில ஏறுதாம்லா. ஏறிட்டுத் திரும்பி எங்கிட்டத்தானே வருது, அங்க இருக்க முடியாமத்தானே வருது. ஒம் மவன் கல்யாணத்துல சைவப் பந்தியில சாம்பார்னு ஒண்ணு ஊத்துனியே, அதுல பருப்பத் தேடிப் போன எங் கை இன்னும் தேடிக்கிட்டுத்தாண்டி கெடக்கு."

அது ஆவுடையம்மாளேதான். கொஞ்சம் கனத்த குரல், வார்த்தையின் கடைசியில் மட்டும் மேலே ஏறி ஒரு சுண்டு சுண்டும், 'டீ' வரும்போது பல்லில் படும், மூச்சு வாங்குகிற இடத்தில் லேசாக ஒரு சிரிப்பு இருக்கும். சிரிப்பு இருந்தது என்பது சைலப்பனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். இத்தனை வருஷமாக அந்தக் குரலுக்குக் காது கொடுத்து, ஏற்றத்தையும் இறக்கத்தையும் மனப்பாடம் பண்ணிவைத்திருந்த ஒரே ஆள், அதை எப்படியாவது தோற்கடிக்க வேண்டும் என்று இருந்தவள்.

கம்ப்யூட்டர் பச்சையானது. பொருந்துகிறது என்றது.

"சாம்பாருன்னா சொன்னேன்?" என்று அடுப்படியில் இருந்து ஒரு சத்தம் வந்தது. "ரசம்லா அது. பொய் சொல்லாத."

எல்லோரும் திரும்பினார்கள். ஆவுடையம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு பூட்டு முழுக்கத் திறந்துகொண்டது. உள்ளே கிடந்ததெல்லாம் உருண்டு புரண்டு வெளியே வந்தது. குக்கர் விசிலெல்லாம் சேர்ந்து ஒரே விசிலாக ஊதியதில் ரயில் வந்துவிட்டதென்று ஒருத்தர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார், போன வாரக் குப்பை வண்டிப் பாட்டும் அதற்கு முந்தின வாரப் பாட்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறித் தெருக்கோடி வரை போயின, அடுத்த காலனியில் நாய்கள் தங்கள் குரைப்பை அடையாளம் கண்டு வாலை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தன, மச்சினன் சிரித்த சிரிப்பெல்லாம் பாகம் பிரித்த சுவரின் இரண்டு பக்கமும் விழுந்தது, தாணுமூர்த்தி வாயை இறுக்க மூடி எல்லோருக்கும் நடுவில் விழித்துக்கொண்டு நிற்கும்போதே அவருக்குள்ளிருந்து அத்தனை ராத்திரிக் குறட்டையும் பட்டப்பகலில் வரிசையாக வந்தது, அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அதெல்லாம் அடங்கிய பிறகு ஆவுடையம்மாளின் பேச்சு வந்தது. சத்தம் இல்லாமல் கிடந்த நாளெல்லாம் அவள் பேசாமல் இருக்கவில்லை. பேசியதெல்லாம் அங்கேயே தேங்கிக் கிடந்தது. அது முதலில் இருந்து, பேசிய வரிசையில், அடுப்படிப் பக்கமிருந்து வந்தது. ஆவுடையம்மாள் வாயைத் திறக்காமல் அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்து, அடுத்தவள் பேசுவதைக் கேட்பது போலத் தன் பேச்சைக் கேட்டாள்.

ஏங்க, சோறு ஆறுதே. ஏங்க, மாத்திரை போட்டியளா. ஏங்க, எனக்குச் சத்தம் வரல. இங்க பாருங்களேன், பேசுதேன், எனக்கே கேக்கல. ஏங்க, பயமா இருக்கு. திரும்புங்களேன். ஏங்க. தட்டத் திருப்பிப் போடத் தெரியுதுல்லா, தலையத் திருப்புங்க. ஏங்க. நான் ஒங்க முதுகுக்குப் பின்னாலதான் நிக்கேன். சரி. நீங்களாத் திரும்புத வரைக்கும் நான் இப்படியே பேசிக்கிட்டு நிக்கேன், எப்பத் திரும்புதியன்னு பாக்கேன்.

எப்போது திரும்பினார் என்பது காலனிக்கே தெரியும். சைலப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கை ஓகே கொடுக்க எதையோ தேடியது. அமுக்க ஒன்றும் இல்லை. கடைசி வரை கேட்டார்.

சுவர் ஓரத்து ஏச்சு அதன் பிறகு வந்தது. டீச்சர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். சிலதுக்குத் தலையாட்டினாள். ஒன்றுக்கு, "இது நல்லா இருக்கு" என்றாள். முடிந்ததும் எழுந்து, "எல்லாத்துக்கும் பதில் இருக்கு, காலைல வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிரஷர் அன்றைக்கே இறங்கிவிட்டது என்று பேச்சு.

மறுநாள் சங்கத்தில், குரலை மீட்டவருக்குப் பொன்னாடை போர்த்துவது என்று தாணுமூர்த்தி தீர்மானம் போட்டார். இசக்கிராஜா அதற்குள் தன் கடை வாசலில், போன குரல் இங்கே மீட்டுத் தரப்படும் என்று போர்டு எழுதிவிட்டான், பொன்னாடைக்குச் சட்டையும் இஸ்திரி போட்டுவிட்டான். கம்ப்யூட்டர் கொடுத்த மகளுக்குத்தான் மரியாதை என்றார் ஒருத்தர். சாமிக்கு என்றார் இன்னொருத்தர். தகராறு முற்றி, வீட்டுக்காரரே சொல்லட்டும் என்று ஒரு சீட்டைக் கொண்டு வந்து சைலப்பனிடம் நீட்டினார்கள். சரி பண்ணியவர் பெயரை அதில் எழுத வேண்டும்.

சைலப்பன் பேனாவை வாங்கினார். எழுதப் போனவர் நிறுத்தினார். அடுப்படிப் பக்கம் திரும்பினார். ஒரு தடவை கூப்பிடும் முன்னாலேயே திரும்பினார்.

"ஆவுடை, அந்த டீச்சர் பேரு என்ன?"

உள்ளே கரண்டி நின்றது.

"ஒரு சொவருதானே நடுவுல. இத்தன வருஷத்துல அவ பேரு ஒங்களுக்குத் தெரியாது?"

"தெரியாது. சொல்லு, கேக்கேன்."

ஆவுடையம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஏசும்போது கூட அவள் அந்தப் பெயரை வாயில் எடுத்ததில்லை. இப்போது நன்றாக எழுதிக்கொள்ளும்படி, நிறுத்தி, சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"வயலட் சுகிர்தம்."